நிறுத்தி வைத்த வானில் பற்றரி ஏன் இறங்குகிறது?

கேள்வி:

"அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்தில் உடுவிலில் இருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி விட்டுவிட்டுப் போன பழைய ஹையேஸ் வானை, உள்ளே படுத்துச் சமைத்துத் திரியக்கூடிய மாதிரி மாற்றி எடுத்தோம். கட்டில், காஸ் அடுப்பு, காஸ் அலாரம், தண்ணீர் பம்ப், 12 வோல்ற் பிரிட்ஜ், மின்விசிறி, எல்.ஈ.டி. லைற், 1000 வாற் இன்வேர்ட்டர் எல்லாம் உண்டு. எஞ்சினுக்கு முன்னால் ஒரு பற்றரி. உள்சாமான்களுக்குக் கட்டிலுக்கு அடியில் 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று. கூரையில் 200 வாற் சோலார் பலகை. பள்ளிக்கூட விடுமுறைக்கு மன்னார், நிலாவெளி, கிட்ட என்றால் கசூரினா என்று போய் வருவோம். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. வீட்டு வளவில் மாமரத்துக்குக் கீழே நான்கைந்து நாள் நின்றால் கட்டிலடிப் பற்றரி செத்துவிடுகிறது. போன மாதம் முன் பற்றரியும் சேர்ந்து செத்து, வானைத் தள்ளித்தான் ஸ்ராட் பண்ணினோம். ஒன்றரை வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றியாயிற்று. பழையவை இரண்டும் கிணற்றடியில் கிடக்கின்றன. கடைக்காரர் 200 அம்பியர் மணி லித்தியம் போடச் சொல்கிறார். கராஜில், எஞ்சின் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஒல்ரனேற்றர் பிழை என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் சோலார்தான் பிழை என்கிறார். இரவில் வானுக்குள் போனால் கட்டிலுக்கு அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? எதை மாற்றுவது?"

பதில்:

தங்கச்சி, இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு இரைச்சலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, நான் இரண்டு தரம் வாசித்தது அந்த இடத்தைத்தான். பற்றரி, ஒல்ரனேற்றர், சோலார் என்று மூன்று பேர் உங்களுக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் கரண்ட் உள்ளே வருவதைப் பற்றிய பேச்சு. உங்கள் வான் ஓடும்போது குறையில்லாமல் ஓடுகிறது, நிற்கும்போதுதான் சாகிறது. அப்படியென்றால் கரண்ட் எந்த வழியால் வெளியே போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை இதுவரை ஒருவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த இரைச்சல் பெரும்பாலும் இன்வேர்ட்டர். அதில் நீங்கள் ஒரு சாமானையும் செருகாவிட்டாலும், சுவிச் போட்டபடி இருந்தால் அது 12 வோல்ற்றை 230 வோல்ற்றாக மாற்றி வைத்துக்கொண்டு யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கே கரண்ட் வேண்டும். 1000 வாற் அளவு இன்வேர்ட்டர்கள் சும்மா நிற்கும்போது 10 வாற், சிலது 15 வாற்றுக்கு மேலும் எடுக்கும். 12 வாற் என்று வைத்தால் 1 அம்பியர். ஒரு நாளைக்கு 24 அம்பியர் மணி. உங்கள் பற்றரியில் 100 என்று எழுதியிருந்தாலும், ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஆயுள் போய்விடும். மிச்சம் 50. இரண்டு நாளில் அது முடிந்துவிடும். நீங்கள் நான்கைந்து நாள் கழித்துத் திறப்போடு போகும்போது பற்றரி செத்து இரண்டு மூன்று நாளாகியிருக்கும்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு பற்றரி போனதற்கும் காரணம் இதற்குள்தான் இருக்கிறது. நிறையச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்து நிற்கிற ஈயப் பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8 இல் ஒன்றும் இல்லை. இன்வேர்ட்டர் தானாக நிற்பது எப்போது தெரியுமா? பெரும்பாலானவை 10.5 வோல்ற் பக்கம் வந்த பிறகுதான் கத்தத் தொடங்கும், அதற்கும் கீழே போனால்தான் நிற்கும். அது தன்னைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு, பற்றரியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அந்த நிலையில் பற்றரி நாட்கணக்கில் கிடந்தால், தகடுகளில் படிகிற ஈய சல்பேற் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் அது முழுக்கக் கரையாது. 100 அம்பியர் மணி என்று வாங்கிய பற்றரி 60 ஆகும், 30 ஆகும், அப்புறம் ஒரு இரவுக்கு மின்விசிறி ஓடாது. கடைக்காரர் விற்றது மோசமான பற்றரி என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பற்றரியையும் இப்படி ஐந்தாறு தரம் அடிமட்டத்தில் கிடக்க விட்டால் இதுதான் நடக்கும்.

வெயில்தான் காரணம் என்றும் யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். சூட்டில் பற்றரி தானாக இறங்கும் வேகம் கூடும், அது உண்மை. ஆனால் நல்ல பற்றரி ஒன்று தானாக இழப்பது மாதத்துக்குச் சில வீதம்தான். அது சூட்டில் இரண்டு மடங்கானாலும் ஐந்து நாளில் பற்றரியைக் கொல்லாது.

இரைச்சலை வைத்துச் சொன்னது என் ஊகம். ஊகத்தை நம்பி நீங்கள் காசு செலவழிக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். ஒரு சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் வாங்குங்கள். டி.சி. அம்பியர், அதாவது பற்றரியிலிருந்து வருகிற வகைக் கரண்ட், 10 வரை அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு வயரிங் செய்கிறவர்கள் வைத்திருக்கிற கிளாம்ப் மீற்றரை இரவல் வாங்க நினைத்தால், அது டி.சி. கரண்டையும் அளக்குமா என்று பாருங்கள். பல கிளாம்ப் மீற்றர்கள் வீட்டுக் கரண்டை மட்டும்தான் அளக்கும், வான் பற்றரியில் வைத்தால் பூச்சியம் காட்டும். அந்தப் பூச்சியத்தை நம்பி ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

வேலையைத் தொடங்க முன்னர் சில விஷயங்கள். காஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள், வானின் கதவுகள் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். சார்ஜ் ஏறுகிற ஈயப் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் நெருப்புக்கு இடமில்லை. கைக்காப்பு, மோதிரம் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். குனிந்து வேலை செய்யும்போது கொடி பற்றரியின் இரண்டு ரெர்மினல்களுக்கும் (பிளஸ், மைனஸ் குமிழ்களுக்கும்) குறுக்கே விழுந்தால் ஒரு கணத்தில் பழுக்கக் காய்ந்துவிடும். பெண்கள் வாகன வேலைக்குக் கை வைக்கிறதே குறைவு என்பதால் இதை ஒருவரும் எழுதி வைப்பதில்லை. கழுத்தில் சங்கிலி போட்டிருக்கிற ஆண்களுக்கும் இதே பேச்சுத்தான்.

முதல் சோதனைக்கு மீற்றரில் வோல்ற் பார்க்கத் தெரிந்தால் போதும். பற்றரியை வெளியே சார்ஜ் போடுகிற இடத்தில் கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி எடுங்கள். ஒரு இரவு ஓய விட்டு வோல்ற்றைப் பார்த்து, திகதியோடு எழுதி வையுங்கள். பிறகு ஐந்து நாளைக்கு அதை வானில் பூட்ட வேண்டாம், ஒரு பலகையின் மேல் வைத்துவிடுங்கள். ஆறாம் நாள் அது 12.5 அல்லது 12.6 காட்டினால் பற்றரி நல்லது, வான்தான் குடிக்கிறது. தனியே இருந்தும் 12.2, 12.0 என்று இறங்கினால் அந்தப் பற்றரியே போய்விட்டது, இனி அதை வைத்து வானைச் சோதித்தும் பயனில்லை. ஒரு எச்சரிக்கை: பற்றரியைக் கழற்ற முன்னர் சோலார் பலகையின் வயரைக் கொன்ரோலரிலிருந்து (பலகைக்கும் பற்றரிக்கும் நடுவில் சார்ஜை ஒழுங்குபடுத்துகிற பெட்டி) கழற்றிவிடுங்கள், திரும்பப் பூட்டும்போது பற்றரியை முதலில் பூட்டிப் பலகையைக் கடைசியாகப் பூட்டுங்கள். பற்றரி இல்லாமல் பலகை மட்டும் பூட்டிக் கிடந்தால் சில கொன்ரோலர்கள் பழுதாகும்.

பற்றரி நல்லது என்று தெரிந்தால் இரண்டாவது சோதனை. இதில்தான் விஷயமே இருக்கிறது. வானை நீங்கள் வழக்கமாக எப்படி நிறுத்தி வைப்பீர்களோ அப்படியே நிறுத்துங்கள். சோதனைக்காக எதையும் விசேஷமாக அணைக்க வேண்டாம், அணைத்தால் திருடன் ஒளிந்துவிடுவான். வெயில் இறங்கிய பிறகு செய்யுங்கள், சோலார் குறுக்கே வராது. மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் என்று எழுதிய துவாரத்தில் செருகி, திருகியை அந்த அளவுக்கு வையுங்கள். கட்டிலடிப் பற்றரியின் மைனஸ் கிளாம்பைத் தளர்த்துங்கள், கழற்றிவிடாதீர்கள். மீற்றரின் ஒரு முனை பற்றரியின் மைனஸ் குமிழில், மற்ற முனை அந்த கேபிளின் கிளாம்பில். மீற்றர் வயரின் முனையில் மாட்டுகிற முதலைக் கவ்வி இருந்தால் வேலை சுகம். இரண்டும் நன்றாகப் பிடித்தபின், கிளாம்பை மெல்ல மேலே தூக்கிக் குமிழிலிருந்து விலக்குங்கள். இப்போது வானுக்குப் போகிற கரண்ட் முழுவதும் மீற்றருக்குள்ளால் போகும்.

ஏன் இந்தச் சுற்றுவழி என்றால், கேபிளை முற்றாகக் கழற்றிவிட்டு மீற்றரைக் கொண்டுபோய் வைத்தால், இன்வேர்ட்டருக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கிற கப்பாசிற்றர்கள் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். பொறி பறக்கும், மீற்றரின் பியூஸ் போகும். முடிக்கும்போதும் கிளாம்பைக் குமிழில் வைத்த பிறகுதான் மீற்றரை எடுக்க வேண்டும். மீற்றர் பூட்டியிருக்கும்போது வானை ஸ்ராட் பண்ணக் கூடாது, இன்வேர்ட்டரில் கேத்தில் போன்ற எதையும் போடக் கூடாது. அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ற் துவாரத்துக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே பற்றரியின் இரண்டு குமிழிலும் வைத்தால் அது நேரடி ஷோட்.

அரை மணித்தியாலம் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். வானின் ரேடியோவும் மற்ற இலத்திரனியல் சாமான்களும் தூங்கப்போக அவ்வளவு நேரம் எடுக்கலாம். 0.05 அம்பியர், அதாவது 50 மில்லி அம்பியர் வரை இருந்தால் குறை சொல்ல முடியாது. அது நாளைக்கு 1.2 அம்பியர் மணிதான். உங்கள் பற்றரி அரைவாசிக்கு இறங்க 40 நாள் எடுக்கும். 0.1 முதல் 0.3 வரை என்றால் சின்னச் சின்னச் சாமான்கள் பல சேர்ந்து குடிக்கின்றன: நீல வெளிச்சம் எரிகிற யூ.எஸ்.பி. சொக்கற், காஸ் அலாரம், பிரிட்ஜின் எண் பலகை, பின்பக்கக் கமரா. 0.5 முதல் 1.5 வரை என்றால் நான் சொன்ன இன்வேர்ட்டர்தான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 3 அல்லது 4 அம்பியர் விட்டு விட்டு வந்து போனால் பிரிட்ஜின் கொம்பிரசர் ஓடுகிறது. நீங்கள் அணைத்ததாக நினைக்கிற பிரிட்ஜ் அணையவில்லை.

அடுத்தது, மீற்றர் அப்படியே இருக்க, பியூஸ் பெட்டியை முதலில் ஒரு படம் எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி எண்ணைப் பாருங்கள். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. எல்லாப் பியூஸையும் கழற்றிய பிறகும் எண் அப்படியே நிற்கலாம். அங்கேதான் பலர் கையை விரித்து, பற்றரியே தன்னைத் தின்கிறது என்று முடிவு கட்டுவார்கள். இன்வேர்ட்டருக்குப் போகிற தடித்த கேபிள் பியூஸ் பெட்டிக்கு வருவதே இல்லை. அது பற்றரியிலிருந்து நேராக, தனிப் பெரிய பியூஸ் ஒன்றின் வழியாகப் போகும். சோலார் கொன்ரோலரும் முன் பற்றரியோடு இணைக்கிற ரிலேயும் (தானாக இயங்குகிற சுவிச்) பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே பியூஸ் பெட்டி முடிந்ததும் பற்றரியின் பிளஸ் குமிழுக்குப் போங்கள். அதில் பூட்டியிருக்கிற ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று கையால் தொட்டுப் பின்தொடருங்கள். இன்வேர்ட்டரை அதன் சொந்தச் சுவிச்சில் அணைத்ததும் 0.9 இலிருந்து 0.05 க்கு எண் விழுந்தால் உங்கள் கடிதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது.

எப்போதும் அவ்வளவு இலேசில் அகப்படாது என்பதையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் சாவகச்சேரிப் பக்கமிருந்து இதே மாதிரி மாற்றிய வான் ஒன்று என்னிடம் வந்தது. மாரியில் மட்டும் பற்றரி இறங்கும், கோடையில் ஒரு குறையும் இல்லை. ஈரத்தால் எங்கோ வயர் ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு நாள் வயரிங்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் மீற்றர் 0.4 அம்பியரில் நின்றது. பியூஸைக் கழற்றிப் பார்த்தால் உள் லைற் வழி. லைற் எல்லாம் அணைந்துதான் இருக்கின்றன. கடைசியில் கைத்தொலைபேசியில் வீடியோ பதிவைப் போட்டு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். எடுத்துப் பார்த்தால், சாத்திய அலுமாரிக்குள் லைற் எரிந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊறிப் பருத்து, காந்தம் சுவிச்சில் முட்டாமல் ஒரு நூல் தள்ளி நின்றிருக்கிறது. கோடையில் மரம் காய்ந்து சுருங்கினால் கதவு ஒழுங்காக மூடும், லைற்றும் அணையும். 0.4 அம்பியர் என்பது நாளைக்குக் கிட்டத்தட்ட 10 அம்பியர் மணி. உங்கள் வானிலும் கட்டில் அது இது என்று தச்சு வேலை இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். அலுமாரி, லாச்சி, கட்டிலடிப் பெட்டி எதிலாவது தானாக எரிகிற லைற் இருந்தால் தொலைபேசியை உள்ளே வைத்துப் பாருங்கள்.

1990 இல் குடாநாட்டில் கரண்ட் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். ரேடியோவோடு ஒரு சின்ன பல்ப்பையும் சேர்த்துக் கொழுவினால் பெடல் உடனே கனக்கும். அந்தக் கனம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. நிற்கிற வானில் ஒரு மூலையில் எரிகிற வெளிச்சத்துக்கும் யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். உங்கள் வானில் அதைச் சுற்றுவது கட்டிலுக்கு அடியில் இருக்கிற அந்தப் பற்றரி.

சரி, முன் பற்றரிக்கு வருவோம். எனக்கு அதுதான் கூடக் கவலை. கட்டிலடிப் பற்றரி செத்தால் பிரிட்ஜ் சாமான்தான் பழுதாகும். முன் பற்றரி செத்தால் மன்னார் வீதியில் இரவில் பிள்ளைகளோடு நிற்க வேண்டி வரும். இரண்டு பற்றரிக்கும் இடையில் ரிலே ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் இணைத்துப் பின் பற்றரிக்கும் சார்ஜ் ஏற்றும், எஞ்சின் நின்றபின் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். வோல்ற்றைப் பார்த்துத் தானாக வேலை செய்கிற வகை என்றால் 13.3 வோல்ற் பக்கத்தில் இணைத்து, 12.8 பக்கத்தில் பிரிக்கும். சாதாரண ரிலே என்றால் திறப்பைப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரில் பூட்டியிருக்க வேண்டும். அதை எப்போதும் கரண்ட் நிற்கிற வயரில் பூட்டிவிட்டால், அல்லது உள்ளே முனைகள் உருகி ஒட்டிப்போனால், இரண்டு பற்றரியும் இரவு பகலாக ஒன்றாகவே கிடக்கும். பின் பற்றரியை இன்வேர்ட்டர் குடிக்கும்போது முன்னதும் சேர்ந்து இறங்கும். போன மாதம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சோதிப்பது இலகு. பொழுதுபட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது இரண்டு பற்றரியின் வோல்ற்றையும் அளந்து பாருங்கள். பிறகு உள்ளே மின்விசிறியையும் பிரிட்ஜையும் அரை மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பின் பற்றரி மட்டும் இறங்கினால் ரிலே பிரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே எண்ணில், சோடி சேர்ந்து இறங்கினால் ரிலே பிரியவில்லை. பகலில் இதைச் செய்யாதீர்கள். சோலார் நன்றாக அடிக்கும்போது பின் பற்றரி 13.3 ஐத் தாண்டினால் சில வகை ரிலேக்கள் தாமாகவே இணைந்துகொள்ளும், அது பிழை இல்லை. ரிலே பிரிந்துதான் இருக்கிறது என்று தெரிந்தும் முன் பற்றரி இறங்கினால், மேலே சொன்ன மீற்றர் சோதனையை முன் பற்றரியிலும் செய்ய வேண்டும். ஒல்ரனேற்றருக்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட் ஒழுகினால் அதுவும் அங்கேதான் தெரியும். இரவு முழுக்க நின்ற வானில் காலையில் ஒல்ரனேற்றரைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது அதற்கு ஒரு அடையாளம்.

மற்றப்படி ஒல்ரனேற்றரில் பிழை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். எஞ்சினைப் போட்டு முன் பற்றரியில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் அது நல்லது. அதே நேரம் பின் பற்றரியிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ற் குறைந்தால் இடையில் போன வயர் மெல்லியது, அல்லது ஏர்த் பிடி சரியில்லை. இன்னொன்று, உடுவிலில் இருந்து கசூரினாவுக்கு ஓடுகிற ஒரு மணி நேரத்துக்குள் செத்த பற்றரி ஒன்று நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஈயப் பற்றரியின் கடைசி 20 வீதம் ஏற மணிக்கணக்காகும்.

சோலார் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பலகையில் பிழை இருக்காது, நிற்கிற இடத்தில்தான் பிழை. 200 வாற் பலகை ஒன்று வெட்டவெளியில் உச்சி வெயிலில் 10 அம்பியர் வரை தரும். மாமர நிழலில் அதிலிருந்து வருவது அற்பம். பலகையின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலே முழுப் பலகையின் வரவும் படுத்துவிடும். வானை மூன்று நான்கு மணி நேரமாவது வெயில் படுகிற இடத்தில் விட்டிருந்தால், அந்தச் சோலாரே இன்வேர்ட்டரின் ஒழுக்கை மூடி மறைத்திருக்கும். நிழலில் விட்டதால்தான் குறை வெளியே தெரிந்தது.

நம் ஊருக்கென்று உள்ள இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை, நீங்கள் வேறு கடற்கரை மணலிலேயே போய்ப் படுக்கிறீர்கள். உப்புக் காற்றில் ரெர்மினல் பூத்துப் போகும், ஏர்த் வயர் பூட்டிய இடம் துருப்பிடிக்கும். மீற்றரின் கறுப்பு முனையை மைனஸ் குமிழில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் மேல்மூடியில் அங்கங்கே தொட்டுப் பாருங்கள். பிளாஸ்ரிக்கின் மேல் ஒரு வோல்ற், இரண்டு வோல்ற் என்று காட்டினால், உப்பும் அமிலமும் கலந்த அழுக்கின் வழியே கரண்ட் ஊர்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள், கரைசல் பற்றரிக்குள் போகக் கூடாது. காய்ந்த பிறகு ரெர்மினலில் வாசலின் பூசுங்கள். மற்றது, பற்றரிக்கு ஒருபோதும் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். நமது சுண்ணாம்புக் கல் தண்ணீர் கேத்திலின் அடியில் எவ்வளவு வெள்ளையாகப் படிகிறது என்று குசினியில் பார்ப்பீர்களே, அதே சாமான் பற்றரித் தகட்டுக்கும் போகும். கடையில் விற்கிற வடித்த தண்ணீர் மட்டும்தான்.

ஒழுக்கு எது என்று கண்டுபிடித்த பிறகு நான் செய்யச் சொல்வது ஒரே ஒரு செலவு: கட்டிலடிப் பற்றரிக்கு ஒரு மெயின் சுவிச். வானை நிறுத்தி இறங்கும்போது அதைத் திருகி அணைத்துவிட்டுப் போகலாம். 1000 வாற் இன்வேர்ட்டர் முழுச் சுமையில் 100 அம்பியர் வரை இழுக்கும் என்பதால், 200 அம்பியருக்குக் குறைந்த சுவிச் வேண்டாம். மலிவான சின்னது பூட்டினால் அதுவே சூடேறி உருகும். சோலார் கொன்ரோலரைச் சுவிச்சுக்கு முன்னால், பற்றரிப் பக்கத்தில், அதற்கென்று ஒரு பியூஸோடு பூட்டச் சொல்லுங்கள். அப்போது உள்சாமான் எல்லாம் அணைந்திருந்தாலும் சோலார் பற்றரியை நிரப்பிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காஸ் அலாரமும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும்தான். அதற்காக அதன் வயரை வெட்டிவிடாதீர்கள். வான் வளவில் ஆளில்லாமல், சிலிண்டர் வால்வு மூடி நிற்கும்போது மெயின் சுவிச்சோடு அதுவும் அணையலாம். நீங்கள் உள்ளே படுக்கிற ஒவ்வொரு இரவும் அது உயிரோடு இருக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, ஒழுகினால் நிலத்தோடு படர்ந்து கட்டிலுக்கு அடியில்தான் போய்த் தங்கும். உங்கள் பற்றரியும் ரிலேயும் இருக்கிற இடமும் அதுதான். தண்ணீர் விடுகிற வகைப் பற்றரி என்றால் அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியிலிருந்து வாயு வெளியே போக வானின் அடிவழியே ஒரு குழாய் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னர் அதைச் செய்வியுங்கள்.

லித்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல சாமான்தான், பாரம் குறைவு, ஆழமாக எடுத்தாலும் தாங்கும். ஆனால் 1 அம்பியர் ஒழுகுகிற வானில் 200 அம்பியர் மணி லித்தியத்தைப் போட்டால் இரண்டு நாளில் சாகிறது ஏழெட்டு நாளில் சாகும், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு சோலார் கொன்ரோலரின் செற்றிங்கை மாற்ற வேண்டும், ஒல்ரனேற்றருக்கும் அதற்கும் இடையில் டி.சி. சார்ஜர் ஒன்று பூட்ட வேண்டும். லித்தியம் கேட்கிற கரண்டை நேரே கொடுத்துக்கொண்டே இருந்தால் பழைய ஹையேஸின் ஒல்ரனேற்றர் காய்ந்துவிடும். அந்தச் செலவை ஒருவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அளந்து முடித்ததும் மூன்று எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்: தனியே வைத்த பற்றரி ஆறாம் நாள் காட்டிய வோல்ற், அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மீற்றர் காட்டிய அம்பியர், இரவில் இரண்டு பற்றரியையும் அளந்த வோல்ற். அதை வைத்து அடுத்த வேலையைச் சொல்கிறேன்.

அதற்கு முதல், கிணற்றடியில் கிடக்கிற அந்த இரண்டு பழைய பற்றரிகளையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. கோது வெடித்தால் மழையோடு நிலத்துக்குள் போகும். கீழே சுண்ணாம்புக் கல், வெடிப்பும் துவாரமுமாக இருக்கிற நிலம், கிணறு வரைக்கும் தடுக்க ஒன்றுமில்லை. சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு உங்கள் அயலுக்குத் தெரியும். பற்றரிகளைச் சரிக்காமல் நிமிர்த்தித் தூக்கி, பிளாஸ்ரிக் தட்டம் ஒன்றில் வைத்து, பிள்ளைகளின் கை படாமல் மூடி வையுங்கள். மீற்றர் வாங்கப் போகிற அன்றைக்கே பற்றரிக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய பற்றரிக்கு அவர்கள் விலை போட்டு எடுப்பார்கள், மீற்றர் வாங்குகிற காசில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும்.